மின்சாரத்தைத் திருடவே முடியாது என்று தீர்ப்புச் சொன்ன ஊர் எது தெரியுமா?

யூரோ நோட்டு கையில் இருக்கிறதா? ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் கொடுத்ததோ, பயணம் போய்வந்தபோது மீந்ததோ, எதுவானாலும் சரி, எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். வலது மேல் மூலையில் வரிசை எண் இருக்கும். அதன் முதல் எழுத்து டபிள்யூவா? அப்படியென்றால் அந்த நோட்டு பிறந்த ஊர் லைப்சிக்! 2013 முதல் வெளிவரும் புது வரிசை யூரோ நோட்டுகளில் முதல் எழுத்து அச்சகத்தின் அடையாளம். பெர்லின் அச்சகம் என்றால் ஆர். லைப்சிக் என்றால் டபிள்யூ. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கைமாறும் பணத்தின் பிறந்த ஊரை ஒற்றை எழுத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்!

சாக்சனி மாநிலத்தில் ஆறு லட்சம் பேர் வாழும் ஊர் இது. இசை தெரிந்தவர்களுக்கு பாக் வாழ்ந்த ஊர், கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஆர்.பி. லைப்சிக். ஆனால் பணத்துக்கும் திருடனுக்கும் பூட்டுக்கும் நடக்கும் ஓட்டத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. புது நுட்பம் முதலில் வரும். திருடன் அடுத்து வருவான். பூட்டு கடைசியில்தான் மூச்சிரைக்க வந்துசேரும். ஐந்நூறு வருஷமாக இதே வரிசைதான்.

நோட்டு அச்சடிக்கிறவர்களிடமிருந்தே ஆரம்பிப்போம். 1852 ஜூனில் ஹெர்மன் கீசெக்கே, அல்ஃபோன்ஸ் டெவ்ரியன்ட் என்ற இருவர் லைப்சிக்கில் ஓர் அச்சகம் திறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலைகளில் ஒன்று எது தெரியுமா? ஒரு பைபிள்! உலகின் மிகப் பழைய பைபிள் கைப்பிரதிகளில் ஒன்றான சினாய்ச் சுவடியை, லைப்சிக் அறிஞர் டிஷெண்டார்ஃப் 1862இல் பதிப்பித்தபோது, மூலத்தின் கையெழுத்தைப் போலவே எழுத்து வார்த்து அச்சிட்டுக் கொடுத்தது இந்த அச்சகம்தான். ஒன்றை அச்சு அசலாக நகலெடுக்கத் தெரிந்தவனுக்குத்தான், யாராலும் நகலெடுக்க முடியாதபடி ஒன்றைச் செய்யவும் தெரியும். அரசாங்கங்கள் அதைப் புரிந்துகொண்டு நோட்டு அச்சடிக்கும் வேலையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தன.

1923இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைக்கேறியபோது நாடெங்கும் 130க்கும் மேற்பட்ட அச்சகங்கள் இரவு பகலாக நோட்டு அடித்தன. இவர்களும் அடித்தார்கள். போருக்குப் பிறகு நாடு இரண்டானது, நிறுவனமும் இரண்டானது. உரிமையாளர் குடும்பம் மேற்கே மியூனிக்கில் மறுபடி தொடங்கியது. லைப்சிக் ஆலையைக் கிழக்கு ஜெர்மன் அரசு எடுத்துக்கொண்டு, கம்யூனிஸ்ட் நாட்டின் மார்க் நோட்டுகளை அதில் அச்சடித்தது. 1990க்குப் பிறகு பழைய ஆலை பழைய நிறுவனத்தின் கைக்கே திரும்பியது! அதோடு நிற்கவில்லை. பின்னால் மியூனிக்கில் நோட்டு அச்சடிப்பதையே நிறுத்திவிட்டு அந்த வேலையை லைப்சிக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நமக்கும் இந்த நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? 1990களின் பிற்பாதியில் இந்தியாவில் நோட்டுத் தட்டுப்பாடு. உள்நாட்டு அச்சகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரிசர்வ் வங்கி அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாட்டு நிறுவனங்களிடம் ரூபாய் நோட்டு அச்சடிக்கக் கொடுத்தது. அந்த ஜெர்மன் நிறுவனம் இதேதான். பின்னாளில் நாடாளுமன்றக் குழு ஒன்று இதைக் கேட்டு அதிர்ந்துபோனது. ஒரு நாட்டின் நோட்டுத் தகடு வேறு நாட்டில் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து! அப்போது காந்தி சிரித்த நோட்டுகளில் சில கடல் கடந்து வந்தவை.

இன்னொன்று. உங்கள் செல்பேசிக்குள் இருக்கும் சிம் கார்டு! உலகின் முதல் சிம் கார்டுகளை 1991இல் செய்து ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்கு விற்றதும் இதே கீசெக்கே அண்டு டெவ்ரியன்ட்தான். வங்கி அனுப்பும் ஓடிபி வந்து விழுவது அந்தச் சில்லு காட்டும் அடையாளத்தை நம்பித்தான். அதற்கும் பின்னால் ஒரு கதை. சில்லு பதித்த அட்டைக்கு 1960களின் இறுதியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஹெல்முட் க்ரோட்ரப். இவர் யார் தெரியுமா? ஹிட்லரின் வி-2 ராக்கெட் தயாரிப்பில் வேலை பார்த்த பொறியாளர்! போர் முடிந்ததும் ரஷ்யர்கள் இவரைக் கொண்டுபோய் ராக்கெட் வேலையில் வைத்தார்கள். 1953இல் ஜெர்மனி திரும்பி, 1970 முதல் இந்த நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றை நடத்தினார். ராக்கெட்டில் தொடங்கிய மூளை ஏடிஎம் கார்டில் வந்து நின்றது.

காகிதப் பணம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லைப்சிக்கில் படித்த கவிஞர் கதே, தன் ஃபாஸ்ட் நாடகத்தின் முதல் பாகத்தில் இந்த ஊரின் அவுவர்பாக் நிலவறை மதுக்கடையை ஒரு காட்சியாகவே வைத்தார். இரண்டாம் பாகத்தில் சாத்தான் ஓர் அரசனுக்குக் கற்றுக்கொடுக்கும் வித்தை என்ன? காகிதப் பணம்! பூமிக்கடியில் யாரும் தோண்டாத புதையலை ஈடாகக் காட்டி நோட்டு வெளியிடச் சொல்கிறான். கிரிப்டோ நாணயம் விற்கிறவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சரி, இந்த ஊருக்கு இத்தனை பணப் புழக்கம் எப்படி வந்தது? இரண்டு பெருவழிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிறந்த சந்தை ஊர் இது. 1497இல் பேரரசர் மாக்சிமிலியன் இதன் சந்தைக்குப் பேரரசு உரிமை கொடுத்தார். 1507இல் சுற்று வட்டாரத்தில் 15 மைலுக்கு வேறெந்த ஊரும் போட்டிச் சந்தை போடக்கூடாது என்று உத்தரவு. அந்தக் கால ஜெர்மன் மைல் நம் மைல் இல்லை. கணக்குப் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்!

வருஷத்துக்கு மூன்று பெருஞ்சந்தை. வியாபாரி வெள்ளிக்காசை மூட்டை கட்டிக்கொண்டு காட்டு வழியில் வந்தால் வழிப்பறிக்காரனுக்குத்தான் லாபம். அதனால் பணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு மாற்றுச் சீட்டு மட்டும் கொண்டுவந்தார்கள். காரைக்குடி நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் உண்டியல் எழுதிப் பணம் நகர்த்தினார்களே, அதே சூட்சுமம். ஆனால் சீட்டு வந்ததும் கள்ளச் சீட்டும் வந்தது, சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனும் வந்தான். 1682இல் லைப்சிக் அதற்கென்றே மாற்றுச் சீட்டுச் சட்டம் போட்டது. அந்தப் பேர் எவ்வளவு நிலைத்தது என்றால், 1847இல் ஜெர்மன் அரசுகள் எல்லாம் சேர்ந்து பொதுவான மாற்றுச் சீட்டுச் சட்டம் எழுத உட்கார்ந்த இடமும் லைப்சிக்தான். வணிகர்கள் கூடிக் கணக்குத் தீர்த்த 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் இன்றும் நகர நடுவில் நிற்கிறது. அதன் வாசலில் கதே சிலை.

ரயில் கம்பெனி தானே நோட்டு அடித்த கதை தெரியுமா? ஜெர்மனியின் முதல் தொலைதூர ரயில் பாதை லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு. 1839இல் முழுசாக ஓடத் தொடங்கியது. பாதை போடப் பணம் போதவில்லை. அரசின் அனுமதியோடு ஐந்து லட்சம் தாலருக்குத் தன் பெயரிலேயே வட்டியில்லாக் காகிதப் பணம் வெளியிட்டது அந்தத் தனியார் கம்பெனி! இன்றைக்கு ஒரு ஸ்டார்ட்அப் தன் பெயரில் டோக்கன் விட்டால் புதுமை என்கிறோம்.

எல்லா நுட்பமும் தண்டவாளத்தில் ஓடவில்லை. 1901 ஜூன் 25. ஜெர்மனியே ஆடிப்போன நாள். 1838இல் தொடங்கிய லைப்சிகர் பாங்க், சாக்சனியின் பெருமை, கதவைச் சாத்தியது. காரணம் என்ன தெரியுமா? பீர்ச் சக்கை! பீர் வடித்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கையை உலர்த்தி மாட்டுத் தீவனமாக விற்கும் ஒரு காசல் நகரத்துக் கம்பெனி. சக்கையில் கிடைத்த லாபம் போதாமல், மரத்திலிருந்து ரசாயனம் எடுக்கும் புது முறை கையில் இருக்கிறது என்றது. ஊர் ஊராகத் துணைக் கம்பெனி தொடங்கி, அந்தக் காப்புரிமையைத் தன் துணைக் கம்பெனிகளுக்கே விற்று, அதையே லாபமாகக் கணக்கில் எழுதிக்கொண்டது! கொழுத்த ஈவுத்தொகையும் கொடுத்தது. லைப்சிகர் பாங்க் தன் சொந்த மூலதனத்துக்கும் மேலே இந்த ஒரே கம்பெனிக்குக் கடனைக் கொட்டியது. சக்கையும் போச்சு, பாங்கும் போச்சு. இயக்குநர் கைதானார். பாங்க் தனக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்த மாளிகை அப்போதுதான் முடிந்திருந்தது. அதை டாய்ச்சே பாங்க் எடுத்துக்கொண்டது. மார்ட்டின் லூதர் வட்டச்சாலையில் போனால் இன்றும் பார்க்கலாம்.

நூறு வருஷம் கழித்து ஊர் பாடம் கற்றுக்கொண்டிருக்கும் என்று நினைத்தீர்களா? சாக்சனி மாநில வங்கியின் தலைமையகமும் லைப்சிக்கில்தான் இருந்தது. அது டப்ளினில் இருந்த துணை நிறுவனத்தின் வழியாக அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் கையை விட்டது. பெரிய பெரிய கணித மாதிரிகள், மூன்று ஏ தரச்சான்று, எல்லாம் இருந்தது. 2007 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் மூச்சு நின்றது. சேமிப்பு வங்கிகள் கூடி 17.3 பில்லியன் யூரோ கடன் வசதி கொடுத்தும் தனியே நிற்க முடியாமல் ஸ்டுட்கார்ட் வங்கிக்கு விற்கப்பட்டது. மாநில மக்கள் தலையில் 2.75 பில்லியன் யூரோ உத்தரவாதம். அடுத்த ஆண்டே மாநில முதல்வர் பதவி விலகினார். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது!

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமாக இருந்த ரைஷ்கெரிஷ்ட், 1879 முதல் லைப்சிக்கில் இருந்தது. மின்விளக்கு புதிதாக வந்த காலம். ஒருவர் மின் கம்பியில் திருட்டுத்தனமாக இணைப்புக் கொடுத்துத் தன் விளக்கை எரித்தார். நம்ம ஊர்ப் பாஷையில் கொக்கி போட்டார். வழக்கு லைப்சிக் வரை வந்தது. 1899இல் நீதிபதிகள் சொன்னது என்ன தெரியுமா? திருட்டுச் சட்டம் “பிறருக்குச் சொந்தமான, எடுத்துச் செல்லக்கூடிய பொருள்” பற்றித்தான் பேசுகிறது, மின்சாரம் பொருளே இல்லை, ஆகவே இது திருட்டு இல்லை! நாடு வாயைப் பிளந்தது. மின் கம்பெனிகள் அலறின. 1900 ஏப்ரலில், மின்சாரத்தைக் களவாடுவதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அதன் வாரிசு ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த நீதிபதிகள் சொன்னது சரிதான். எழுதாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்?

வேடிக்கை இனிமேல்தான்! பொருளே இல்லை என்று தீர்ப்பான அதே மின்சாரத்தை இன்று ஐரோப்பா முழுக்க ஏலம் போட்டு விற்கும் சந்தை எங்கே இருக்கிறது? அதே லைப்சிக்கில்! 2000இல் லைப்சிக் மின்சந்தை தொடங்கியது. 2002இல் பிராங்க்பர்ட் சந்தையோடு சேர்ந்து ஐரோப்பிய எரிசக்திச் சந்தை ஆனது. முகவரி, நகர நடுவில் 142 மீட்டர் உயரத்தில், திறந்த புத்தகம் போல வடிவமைத்துக் கம்யூனிஸ்ட் அரசு கட்டிய பழைய பல்கலைக்கழகக் கட்டடம். சிவப்புக் கொடிக்காரர்கள் எழுப்பிய கோபுரத்தில் முதலாளிகளின் சந்தை. நம் நாட்டில் 2008இல்தான் இந்திய எரிசக்திச் சந்தை வந்தது. கோடையில் நம் மின்வாரியம் அவசரத்துக்கு மின்சாரம் வாங்க ஓடும் இடம் அது.

பணம் கொடுத்துப் பொருளைத் தள்ளிவிடும் சந்தை பார்த்திருக்கிறீர்களா? 2008 இலையுதிர் காலத்திலிருந்து ஜெர்மன் மின்சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். 2009 அக்டோபர் 4ஆம் தேதி, காற்றாலைகள் பேய்த்தனமாகச் சுழன்ற இரவு, ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தின் விலை கழித்தல் 500 யூரோ! எடுத்துக்கொள்கிறவருக்கு 500 யூரோ கையில் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 ஆகஸ்டில், ரஷ்ய எரிவாயு வரத்து சுருங்கியபோது, அடுத்த ஆண்டுக்கான மின்சாரத்தின் விலை ஆயிரம் யூரோவைத் தொட்டது. சந்தையில் மின்சாரம் தருவதாக வாக்குக் கொடுத்தவர்கள் ஈட்டுத்தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. மின்சாரம் கைவசம் இருந்தும் ரொக்கம் இல்லாமல் பெரிய பெரிய கம்பெனிகள் திணறின.

இதே சந்தையில் இன்னொரு சரக்கும் விற்கிறது. புகை! அதாவது ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றும் உரிமம். கண்ணுக்குத் தெரியாது, கணினிப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். திருடன் விடுவானா? 2010 ஜனவரி இறுதியில் ஜெர்மன் கம்பெனிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது உரிமப் பதிவேட்டு அலுவலகம் மாதிரியே இருந்தது. சேதி என்ன தெரியுமா? ஹேக்கர் அபாயம் இருக்கிறது, பாதுகாப்புக்காக உடனே மறுபடி பதிவு செய்துகொள்ளுங்கள்! திருடனே திருடன் வருகிறான் என்று கூவினான். ஏழு கம்பெனிகள் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தன. இரண்டரை லட்சம் உரிமம் போயிற்று. மதிப்பு மூன்று மில்லியன் யூரோவுக்கு மேல். அவை சில மணி நேரத்தில் கைமாறி நல்ல சந்தைக்குள் கலந்துவிட்டன.

அடுத்த ஆண்டு நடந்தது சினிமா. 2011 ஜனவரி, பிராக் நகரம். செக் நாட்டுப் பதிவேட்டு அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல். ஊழியர் எல்லோரும் வெளியே ஓடினார்கள். குண்டு இல்லை. மறுநாள் காலை கணினியைப் பார்த்தால் ஒரு கம்பெனியின் கணக்கிலிருந்து 4,75,000 உரிமம் காணோம்! ஐரோப்பிய ஆணையம் ஜனவரி 19 அன்று எல்லா நாட்டுப் பதிவேடுகளையும் முடக்கியது. லைப்சிக் சந்தையில் உடனடி விற்பனை நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் பூட்டு வந்தது. நாட்டுக்கு ஒன்றாக இருந்த பதிவேடுகளை ஒன்றாக்கினார்கள். ஒருவர் அழுத்தினால் போதாது, இரண்டாமவரும் ஒப்புதல் தர வேண்டும். கைப்பேசிக்குக் குறியீடு வரும். பரிமாற்றம் உடனே நடக்காது, 26 மணி நேரம் காத்துக்கிடக்கும் என்று விதி வந்தது. ஒரு ராத்திரி யோசிக்க அவகாசம் கொடுக்கும் கணினி! வேகம்தான் நவீனம் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வேண்டுமென்றே மெதுவாக்கியது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

கண்காணிப்புக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய பகை. லைப்சிக்கில் “வட்ட மூலை” என்று ஒரு கட்டடம். 1913இல் ஒரு தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கட்டி முடித்தது. பின்னால் கிழக்கு ஜெர்மன் ரகசியப் போலீஸ் ஸ்டாஸியின் லைப்சிக் தலைமையகம். இப்போது அருங்காட்சியகம். கடித உறைகளை ஆவி காட்டித் திறக்கும் கருவி, படித்துவிட்டு மறுபடி ஒட்டும் கருவி, எல்லாம் அங்கே வைத்திருக்கிறார்கள். 1989 டிசம்பர் 4 அன்று மக்களே உள்ளே புகுந்து கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். உன் செலவுக் கணக்கு ஒன்றுவிடாமல் எங்களிடம் இருக்கும் என்று ஒரு செயலி சொன்னால், இந்த நினைவு உள்ளவர்கள் இனிக்க இனிக்கக் கேட்பார்களா? ஜெர்மன் மத்திய வங்கியின் 2023 ஆய்வின்படி, அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் நூற்றுக்கு 51 அப்போதும் ரொக்கம்தான்! நம்ம ஊரில் இளநீர் வண்டியில்கூட கியூஆர் கோடு தொங்குகிறது.

இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. யூபிஐயில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயர் திரையில் வருமே, 2016இலிருந்து நமக்குப் பழகிப்போனது. யூரோ நாடுகளின் வங்கிகள் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று சொல்லியே தீர வேண்டும் என்பது எப்போது கட்டாயமானது தெரியுமா? 2025 அக்டோபர் 9! பத்து வினாடியில் பணம் அனுப்பும் வசதியும் அன்றிலிருந்துதான் எல்லா வங்கிக்கும் கட்டாயம். தேதி தற்செயல்தான். ஆனால் லைப்சிக்வாசிகளுக்கு அக்டோபர் 9 சாதாரண நாள் இல்லை. 1989இல் எழுபதாயிரம் பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கி, ஒரு குண்டும் வெடிக்காமல் ஆட்சியை அசைத்த நாள்.

ரொக்கம் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியில் ஏடிஎம் இயந்திரத்தை உடைப்பதில்லை, வெடிவைத்துத் தகர்க்கிறார்கள்! 2022இல் மட்டும் 496 முறை. பல கும்பல்கள் நெதர்லாந்திலிருந்து அதிவேகக் காரில் வந்து போகின்றன. வங்கிகள் இரவில் ஏடிஎம் அறையைப் பூட்டுகின்றன, நோட்டில் சாயம் தெளிக்கும் கருவி வைக்கின்றன, சில இடங்களில் இயந்திரத்தையே தூக்கிவிடுகின்றன.

பணம் கணினிக்குள் போய்விட்டால்? லைப்சிக்கின் கோலிஸ் பகுதியில், பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து இணையத்தில் போதைப்பொருள் கடை நடத்திய ஓர் இளைஞன் 2015இல் பிடிபட்டான். வசூல் பிட்காயினில், விநியோகம் தபாலில். அறையில் முந்நூறு கிலோவுக்கு மேல் சரக்கு! மாட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உயர் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சில பார்சல்களில் ஒட்டிய தபால்தலை போதாமல் அவை திரும்பி வந்துவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்று பிறந்தது இந்தக் கதையிலிருந்துதான்.

இது சிறுசு. திருட்டு சினிமாத் தளம் நடத்தியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து 2024 ஜனவரியில் சாக்சனி அதிகாரிகள் பறிமுதல் செய்தது ஏறத்தாழ ஐம்பதாயிரம் பிட்காயின்! மோப்பம் பிடித்தவர்களில் லைப்சிக் இரண்டாம் வருமான வரி அலுவலகத்தின் புலனாய்வாளர்களும் உண்டு. விலை சட்டென்று விழக்கூடிய சொத்து, ஆகவே வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது ஜெர்மன் சட்டம். ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை மொத்தத்தையும் விற்றார்கள். 49,858 பிட்காயின், 2.64 பில்லியன் யூரோ. அந்த டிசம்பரிலேயே ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது! அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இணையம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. விலை பாதியாகியிருந்தால், அரசாங்கம் சூதாடியது என்று இதே வாய்கள்தான் கத்தியிருக்கும்.

பணத்திலிருந்து சரக்குக்கு வருவோம். லைப்சிக் விமான நிலையத்தில் இரவில்தான் பகல். 2008இல் தொடங்கிய டிஎச்எல் சரக்கு மையம், உலகின் மிகப் பெரிய சரக்கு மையங்களில் ஒன்று. 2024 ஜூலையில் லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு பார்சல், விமானத்தில் ஏற்றக் காத்திருந்த கொள்கலனில் தானே தீப்பிடித்தது. உள்ளே மசாஜ் கருவிக்குள் ஒளித்த தீமூட்டி! விமானம் தாமதமானது. அந்தத் தாமதம் மட்டும் இல்லையென்றால் நடுவானில் எரிந்து விமானமே விழுந்திருக்கும் என்று ஜெர்மன் உள்நாட்டு உளவுத்துறைத் தலைவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். சில நாளில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இதே மாதிரி ஒன்று. ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் வேலை என்று மேற்கு நாடுகள் சந்தேகிக்கின்றன, ரஷ்யா மறுக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பாவிலிருந்து வரும் விமானச் சரக்குக்கு விதிகளை இறுக்கின. இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டு நாளைக்கு வருமா என்று கேட்கும் வியாபாரத்துக்குப் பின்னால் இப்போது எக்ஸ்ரேயும் உளவுத்துறையும் நிற்கின்றன.

கடைசியாகக் கணக்கு. இன்றைய கணினி வங்கி ஓடுவது பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே எண்களில். அந்த இரும எண்கணிதத்தை 1703இல் வெளியிட்ட லைப்னிட்ஸ் பிறந்த ஊர் லைப்சிக்! 1673இலேயே பெருக்கி வகுக்கும் இயந்திரத்தின் மாதிரியை லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டியவர். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. இப்போது அவர் சிலையைத் தன் வளாகத்திலேயே வைத்திருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்துக்கு 1927இல் 25 வயதில் ஒரு பேராசிரியர் வந்தார். வெர்னர் ஹைசன்பர்க்! அவர் கட்டிய குவாண்டம் இயற்பியலின் பேரப்பிள்ளைதான் குவாண்டம் கணினி. லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த சாக்சன்கியூ என்ற இளம் நிறுவனம், வைரத்துக்குள் வேண்டுமென்றே உண்டாக்கிய குறைகளை வைத்து, சாதாரண அறை வெப்பத்திலேயே ஓடும் குவாண்டம் கணினி செய்துகொண்டிருக்கிறது. இன்னும் குழந்தைதான். ஆனால் போதிய அளவு வளர்ந்த குவாண்டம் கணினி, வங்கிகள் இன்று நம்பியிருக்கும் ரகசியக் குறிமுறையை உடைத்துவிடும் என்று 1994இலேயே பீட்டர் ஷோர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இந்த ஒரு தடவை வரிசை மாறியிருக்கிறது. குவாண்டம் திருடன் இன்னும் வரவில்லை, பூட்டு வந்துவிட்டது! 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் குவாண்டம் கணினிக்கும் அசையாத மூன்று குறிமுறைகளை வெளியிட்டது. பூட்டை மாட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும். இன்றைய ரகசியக் கோப்புகளைப் பூட்டோடு அள்ளி வைத்துக்கொண்டால், நாளைக்குக் கணினி வளர்ந்ததும் நிதானமாகத் திறந்துகொள்ளலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் வேறு 17 ஐரோப்பிய நாடுகளின் அமைப்புகளும் 2024 நவம்பரில் கூட்டாக ஒரு கெடுவைப் பரிந்துரைத்திருக்கின்றன. மிக முக்கியமான தகவல்களுக்கெல்லாம் 2030 முடிவதற்குள் புதுப் பூட்டு.